போர்க்கப்பல் பொம்மை பெண்களுக்கு எதற்கு?

சென்ற ஆண்டு நம் விஞ்ஞான மன்றத்தில், செய்ய விரும்பும் மாதிரி எதுவென்று ஒவ்வொரு மாணவியையும் எழுதித் தரச் சொன்னோம். எரிமலை, சூரிய அடுப்பு, மழைநீர்ச் சேமிப்பு, இதயம், காற்றாலை என்று வழக்கமான விடைகள் வந்தன. ஒரே ஒரு தாளில் மட்டும், "போர்க்கப்பல். ரேடியோவால் ஓட வேண்டும். சண்டையிட வேண்டும். அடிபட்டால் மூழ்கவும் வேண்டும்" என்று எழுதியிருந்தது. ஆசிரியைகள் அறையில் அதைப் படித்துச் சிரித்தோம். சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அந்த மாணவியைக் கூப்பிட்டுக் காற்றாலை செய்யச் சொன்னேன். செய்தாள்; மூன்றாம் பரிசும் பெற்றாள். ஆனால் அந்தத் தாள் என் மேசை இழுப்பறையிலேயே கிடந்தது. கோடை விடுமுறையில் அதை எடுத்து வைத்துக்கொண்டு, இப்படி ஒரு விளையாட்டு உண்மையிலேயே உண்டா என்று தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் அவளுக்குச் செய்தது நியாயமன்று என்ற எண்ணம் வலுத்தது. அதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அன்று ஆசிரியைகள் அறையில் மூன்று தடைகள் கூறப்பட்டன. பெண் பிள்ளைக்குப் போர்க்கப்பல் எதற்கு என்பது முதலாவது. கன்னியர் நடத்தும் பள்ளியில் போர் விளையாட்டா என்பது இரண்டாவது. செலவும் ஆபத்தும் யார் பொறுப்பு என்பது மூன்றாவது. மூன்றும் சிரித்துத் தள்ளக்கூடிய கேள்விகள் அல்ல. ஆகவே முதலில் விளையாட்டு இன்னதென்று சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இவ்விளையாட்டு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் 1970-களின் இறுதியில் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் உண்மையாகவே இருந்த போர்க்கப்பல்களை 144-இல் ஒரு பங்கு அளவில் செய்கிறார்கள். கப்பலின் பக்கங்கள் பால்சா என்னும் மிக இலேசான மரத்தின் மெல்லிய தகட்டால் ஆனவை. அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கப்பலுக்குள் அடைத்து வைத்த கரியமில வாயுவின் அழுத்தத்தால் சிறு எஃகு உருண்டைகள் பாய்ந்து எதிரிக் கப்பலின் பக்கத்தைத் துளைக்கின்றன. துளை வழியே நீர் ஏறுகிறது. பம்ப் அதை வெளியே இறைக்கிறது. இறைப்பதைவிட ஏறுவது மிகுந்தால் கப்பல் மூழ்கும். மூழ்கிய இடத்தைக் காட்ட ஒரு மிதவை நூலோடு மேலே வரும். கப்பலைத் தூக்கி, நீரை வடித்து, துளைகளை ஒட்டி, மறுபடியும் குளத்தில் விடுவார்கள்.

கப்பல் பொம்மைப் போர் இதற்கு முன்னும் இருந்ததுதான். இங்கிலாந்தின் ஸ்கார்பரோ நகரிலுள்ள பீஸ்ஹோம் பூங்கா ஏரியில், ஆள் உள்ளே அமர்ந்து செலுத்தும் பெரிய மாதிரிக் கப்பல்களைக் கொண்டு 1927-ஆம் ஆண்டிலேயே கடற்போர்க் காட்சி நடத்தத் தொடங்கினார்கள். ஆனால் அது காட்சி. யார் வெல்வார் என்பது முன்கூட்டியே தெரியும். டெக்சாஸில் பிறந்த விளையாட்டிலோ துளையும் உண்மை, மூழ்குவதும் உண்மை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவியை அழைத்தேன். "எந்தக் கப்பலை நினைத்து எழுதினாய்?" என்று கேட்டேன். "எம்டன், டீச்சர்" என்றாள். நம் ஊர்ப் பிள்ளை வேறு எதைச் சொல்லும்! 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்துக்கு முன் வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியக் கப்பல் அது. ஆயிரக்கணக்கானோர் நகரை விட்டு ஓடினார்கள். பொல்லாத சாமர்த்தியசாலியை "அவன் சரியான எம்டன்" என்று இன்றும் நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தச் சொல் அந்த இரவு நமக்குத் தந்தது.

இருவரும் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். எம்டனின் நீளம் 118 மீட்டர். அதை 144-ஆல் வகுத்தால் 82 சென்டிமீட்டர். அகலம் 13.5 மீட்டர், மாதிரியில் 9.4 சென்டிமீட்டர். "நல்ல அளவுதானே டீச்சர்" என்றாள். "எடையைப் பார்" என்றேன். நீளம், அகலம், உயரம் மூன்றும் 144 மடங்கு குறைவதால், எடை 144-ஐ மும்முறை பெருக்கிய அளவுக்குக் குறைய வேண்டும். அந்தப் பெருக்கல் 29,85,984. எம்டனின் எடை ஏறக்குறைய 3,660 டன். வகுத்துப் பார்த்தால் மாதிரியின் மொத்த எடை ஒன்றேகால் கிலோவுக்குள் அடங்க வேண்டும்! கப்பலின் உடல், மின்கலம், மோட்டார், பம்ப், ரேடியோ, சுக்கானைத் திருப்பும் கருவி, வாயுக் குப்பி, துப்பாக்கி எல்லாம் சேர்த்து ஒன்றேகால் கிலோ. கைதேர்ந்தவர்களுக்கே அது கடினம். முதல் கப்பல் செய்பவளுக்கு அது கண்ணீரில்தான் முடியும்.

அடுத்து வேறொரு கப்பலைக் கணக்கிட்டோம். ஃபான் டெர் டான் என்னும் ஜெர்மானியப் பெருங்கப்பல். நீளம் 171.7 மீட்டர், மாதிரியில் 119 சென்டிமீட்டர். அகலம் 26.6 மீட்டர், மாதிரியில் 18.5 சென்டிமீட்டர். எடை 19,370 டன். மாதிரியில் ஆறரைக் கிலோ. நீளத்தில் எம்டனைப் போல் ஒன்றரை மடங்கு கூட இல்லை. எடையிலோ ஐந்து மடங்குக்கும் மேல்! அந்தப் பெண் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது, வயிற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையா டீச்சர்?" என்றாள். கன அளவு என்ற பாடத்தை நான் பல ஆண்டுகளாக நடத்துகிறேன். ஒரு மாணவி அதைத் தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்லக் கேட்டது அன்றுதான்.

முதல் கப்பலில் கவனிக்க வேண்டியது துப்பாக்கி என்றே எல்லாரும் நினைப்போம். அது தவறு. முதலில் கப்பல் மிதக்க வேண்டும். பிறகு நேராக ஓட வேண்டும். பிறகு சொன்ன பக்கம் திரும்ப வேண்டும். பிறகு துளை விழுந்தும் தாங்க வேண்டும். சுடுவது கடைசி. மோட்டாரின் இரும்புத் தண்டு உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் கிரீஸ் சரியாக வைக்காவிட்டால், எதிரியே இல்லாமல் கப்பல் தானாக மூழ்கும். மின்கலத்தை ஓரமாக வைத்தால் கப்பல் சாயும். உச்சியில் அலங்காரம் மிகுந்தால் திரும்பும்போது கவிழும். ரேடியோப் பெட்டியை நீர் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் ஒரே முழுக்கில் காசெல்லாம் போகும். ஆழமறியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இவற்றுள் மிக நுட்பமானது உள்ளே ஏறிய நீரின் நடத்தை. நீர் ஒரே இடத்தில் நில்லாது. கப்பல் சிறிது சாய்ந்தால் நீர் முழுவதும் அந்தப் பக்கம் ஓடும், ஓடியதால் கப்பல் மேலும் சாயும், மேலும் சாய்ந்ததால் இன்னும் நீர் ஓடும், முடிவில் கவிழும். ஆகையால் அனுபவமுள்ளவர்கள் கப்பலின் அடியில் நடுவே ஒரு வாய்க்காலை விட்டு, இரு பக்கங்களையும் நீர் ஏறாதபடி அடைத்துவிடுவார்கள். ஏறும் நீர் வாய்க்காலில் இறங்கிப் பம்பிடம் போய்ச் சேரும். இது வெறும் பொம்மைச் சூத்திரமா? 1987 மார்ச் 6-ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் சீபுரூக் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ் என்னும் பயணிகள் கப்பல், முன்கதவு மூடப்படாததால் வாகனத் தளத்தில் நீர் புகுந்து, சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் இறந்தனர். தளத்தில் தடையின்றி ஓடிய அந்த நீரே கப்பலைக் கவிழ்த்தது. கப்பல் எப்படி மூழ்குகிறது என்று கற்றவளே அதை மூழ்காமல் காக்கவும் கற்கிறாள்.

இனி முதல் தடைக்கு வருவோம். பெண் பிள்ளைக்கு இது எதற்கு? ஸ்காட்லாந்தில் 1894-இல் பிறந்த விக்டோரியா டிரம்மண்ட் என்ற அம்மையார் கப்பல் பொறியாளராக விரும்பியபோது இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். பிரிட்டனில் தலைமைப் பொறியாளர் தேர்வில் அவருக்கு மீண்டும் மீண்டும் தேர்ச்சி மறுக்கப்பட்டது. அவர் பனாமா நாட்டின் தேர்வை எழுதித் தகுதி பெற்றார். 1940 ஆகஸ்டு 25-ஆம் நாள் அட்லாண்டிக் கடலில் பொனிட்டா என்னும் சரக்குக் கப்பலை ஒரு விமானம் குண்டு வீசித் தாக்கியது. அவர் மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு எஞ்சின் அறையில் தனியே நின்று, எஞ்சினிலிருந்து அதுவரை யாரும் காணாத வேகத்தை வரவழைத்தார். அந்த வேகத்தால் கப்பல் குண்டுகளுக்கு விலகித் தப்பியது. அவர் கையில் துப்பாக்கி இல்லை. எஞ்சினைப் பற்றிய அறிவே இருந்தது. நம் நாட்டிலும் கடற்படையில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17-இல் தீர்ப்பளித்தது. கதவு திறந்த பிறகும், நம் பெண்ணுக்குத் திருகாணி முடுக்கத் தெரியாது என்றால் குற்றம் யாருடையது? தையல் வகுப்பில் அரை அங்குலத்தைக் கண்ணாலேயே அளக்கக் கற்ற விரல்களுக்கு, மெல்லிய பலகையைக் கீறி விலாவில் ஒட்டுவது பெரிய காரியமா?

இரண்டாவது தடையே பெரியது. அதைச் சொன்னவர் நம்மிடையே நெடுநாள் பணியாற்றிய மூத்த சகோதரி ஒருவர். அவர் சிரிக்கவில்லை. "ஆயிரம் பேர் செத்த கப்பலைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்யலாமா?" என்று மட்டும் கேட்டார். அக்கேள்வி என்னை விடவே இல்லை. ஏனெனில் அது உண்மை. நாங்கள் கணக்கிட்டுப் பார்த்த அதே ஃபான் டெர் டான், 1916 மே 31-ஆம் நாள் ஜட்லண்ட் கடற்போரில் இன்டிஃபாடிகபிள் என்னும் ஆங்கிலக் கப்பலைச் சுட்டு வெடிக்கச் செய்தது. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். உயிர் தப்பியவர் இருவரே. எம்டனும் 1914 நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளுக்கருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் சிதைக்கப்பட்டது. அதன் மாலுமிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு தாய் இருந்திருப்பாள்.

விளையாட்டுப் போர் உண்மைப் போரைக் குறைக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. எச்.ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் பொம்மைப் படைகளைக் கொண்டு ஆடும் விளையாட்டைப் பற்றி 1913-இல் ஒரு நூல் எழுதினார். இதை ஆடிப் பார்ப்பவர்களுக்கு உண்மைப் போரின் மடமை புரியும் என்பது அவர் எண்ணம். மறு ஆண்டே உலகப் போர் மூண்டது. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ரேடியோவால் இயங்கும் சிறு படகை முதன்முதலாக ஓட்டிக் காட்டினார். இத்தகைய கருவிகள் வந்தால் போர் தாங்க முடியாததாகி நின்றுவிடும் என்று அவரும் நம்பினார். நிற்கவில்லை. ஆகவே பொம்மைக் கப்பல் சமாதானம் தரும் என்று நான் வாதாட மாட்டேன். பாப்பரசர் இருபத்து மூன்றாம் அருளப்பர் 1963-இல் உலக சமாதானத்தைப் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1965 அக்டோபர் 4-இல் ஐக்கிய நாடுகள் சபையில் போரே வேண்டாமென்று மன்றாடினார். நம் பள்ளியின் நிலை அதுவே, அதில் மாற்றமில்லை.

அப்படியிருந்தும் இதை அனுமதிக்கலாம் என்று ஏன் சொல்கிறேன்? போரைப் பற்றி நம் பிள்ளைகள் ஏதும் அறியாமல் இருக்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். கைபேசியில் ஒரு விரலால் நூறு பேரை வீழ்த்தும் விளையாட்டு நம் வீடுகளில் ஓடுகிறது. அங்கே கப்பல் மூழ்கினால் ஒரு பொத்தானை அழுத்தினால் புதிய கப்பல் வரும். ஆறு மாதம் மாலைதோறும் உட்கார்ந்து தன் கையால் விலா விலாவாகச் செய்த கப்பலில் துளை விழுவது அப்படிப்பட்டதன்று. அந்தப் பெண் முதன்முறையாக, உடைப்பது எவ்வளவு எளிது, கட்டுவது எவ்வளவு கடினம் என்று தெரிந்துகொள்கிறாள். சமாதானப் பாடத்தில் இதைவிட நல்ல முதல் பக்கம் எனக்குத் தெரியவில்லை. வேளாங்கண்ணித் திருத்தலத்தின் மரபு வரலாற்றில், புயலிலிருந்து கரை சேர்ந்த போர்த்துக்கீசிய மாலுமிகள் தேவ அன்னைக்கு ஆலயம் எழுப்பினார்கள் என்று படிக்கிறோம். மூழ்கும் கப்பலில் இருப்பவனுடைய அச்சம் நம் விசுவாசத்துக்கு அந்நியமானதன்று.

ஆயினும் மூத்த சகோதரியின் கேள்விக்கு மரியாதை செய்யும் வகையில் இரண்டு நிபந்தனைகளைக் கூறுகிறேன். எந்தப் போர்க்கப்பலைச் செய்தாலும், அக்கப்பலின் வரலாற்றை, அதனால் இறந்தவர்களும் அதில் இறந்தவர்களும் எத்தனை பேர் என்பது உட்பட, ஒரு தாளில் எழுதிக் கப்பலின் அருகில் வைக்க வேண்டும். அடுத்ததாக, போர்க்கப்பல் செய்ய மனமில்லாத மாணவிக்கு ஆயுதமில்லாத சரக்குக் கப்பல் செய்யும் உரிமை உண்டு. இது நான் கண்டுபிடித்த சமரசம் அல்ல. அமெரிக்கக் குளங்களிலேயே சில போட்டிகளில் ஆயுதமற்ற சரக்குக் கப்பல்கள் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய்ச் சேர்ந்தால் புள்ளி உண்டு. திருப்பிச் சுட முடியாமல், அடி வாங்கிக்கொண்டே கரை சேர வேண்டிய அந்தக் கப்பலை ஓட்டுவதற்கே அதிக நெஞ்சுறுதி தேவை என்பது என் எண்ணம்.

மூன்றாவது, ஆபத்தும் செலவும். எஃகு உருண்டை கண்ணில் பட்டால் கண் போகும். அதனால்தான் அந்த நாட்டிலும் குளக்கரையில் நிற்கும் ஒவ்வொருவரும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும் என்று கண்டிப்பான விதி இருக்கிறது. நம் பள்ளிக்கு நான் கேட்பது அதுவும் அன்று. நமக்குத் துப்பாக்கியே வேண்டாம். வாயுக் குப்பியும் வேண்டாம். அதனால் பாதிச் செலவும் முழு ஆபத்தும் நீங்கும். உடலும் மோட்டாரும் பம்பும் ரேடியோவும் போதும். நான்கு மாணவியர் சேர்ந்து ஒரு கப்பல் செய்தால் பெற்றோர் எவருக்கும் பாரமாகாது.

துப்பாக்கி இல்லாமல் துளை எப்படி விழும்? பின்னல் ஊசி எதற்கு இருக்கிறது! விளையாட்டு மைதானத்தை அடுத்த சிமெண்டுத் தொட்டியில் கப்பலை மிதக்க விட்டு, நீர்மட்டத்துக்கு 5 சென்டிமீட்டர் கீழே ஓர் ஊசித் துளையிடுவோம். துளையின் விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்றால், மேல்வகுப்பில் படிக்கும் டாரிசெல்லியின் விதிப்படி நீர் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் வேகத்தில் உட்புகும். கணக்குப்படி நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஏறும். ஒரு துளைக்குப் பம்ப் ஈடு கொடுக்குமா? மூன்றுக்கு? ஐந்துக்கு? கணக்கிட்டு எழுதிவிட்டு, பிறகு கடிகாரத்தை வைத்துப் பார்ப்போம். கணக்குக்கும் தொட்டிக்கும் வேறுபாடு வந்தால், அந்த வேறுபாடு ஏன் என்று தேடுவதே விஞ்ஞானம். பரீட்சைத் தாளில் மதிப்பெண்ணுக்காக எழுதும் விதியை, தன் கப்பலைக் காப்பாற்றுவதற்காக ஒரு பெண் கணக்கிடும் நாள் நம் பள்ளிக்கு நல்ல நாள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகள் பால்சாத் தூளும் பசையுமாக வீட்டுக்கு வந்தால் கோபிக்காதீர்கள். முதல் கப்பல் கோணலாகத்தான் இருக்கும். முதல் நாள் மூழ்கியும் போகும். அப்போது, "நான் அப்போதே சொன்னேனே" என்று சொல்லாதிருங்கள். துணி கொண்டு துடைத்து வெயிலில் வைக்க உதவுங்கள். மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

அந்த மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறாள். அவள் கேட்ட ஆண்டில் நான் மறுத்துவிட்டேன். இனி அவளுக்குத் தேர்வுகள் நெருங்குகின்றன. சிரித்து ஒதுக்கிய அந்த ஓராண்டை நான் அவளுக்குத் திருப்பித் தர முடியாது. ஆனால் அவள் கணக்கிட்ட தாளைத் தங்கைகளுக்காக மன்றத்தில் ஒப்படைத்திருக்கிறாள். அதன் மேல் எம்டன் என்று எழுதி அடித்துவிட்டு, கீழே "சரக்குக் கப்பல், அகலமானது" என்று எழுதியிருக்கிறாள். மதர் அவர்களும் சகோதரிகளும் மனமிசைந்தால், வரும் ஆண்டு விஞ்ஞான மன்றம் அதனைத் தொடங்கட்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

— ஓர் ஆசிரியை